நானே எழுதியதை ஏஐ எழுதியது என்கிறார்கள், என்ன செய்வது?

வணக்கம். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. முதலில் அப்படியே வாசித்துவிடுகிறேன்.

“ஐயா, நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பழக்கம் பற்றிய ஆய்வு. இரண்டாம் இயலை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். எந்த ஏஐயிடமும் போகவில்லை. எழுத்து ஏஐ எழுதியதா என்று சொல்லும் டிடெக்டரில் போட்டுப் பார்த்த என் வழிகாட்டி, 68 சதவீதம் ஏஐ என்று வருகிறது, மாற்றி எழுதிக்கொண்டு வா என்று திருப்பித் தந்துவிட்டார். நான் எழுதியதை நானே எப்படி மாற்றி எழுதுவது? நான்தான் எழுதினேன் என்று எப்படி நிரூபிப்பது?”

படிக்கும்போதே கோபம் வந்தது. வழிகாட்டி மேல் இல்லை. அவர் கையில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித்தராமல் விட்டிருக்கிறார்கள். அதனால் அந்த 68இலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தச் சதவீதத்தின் பொருள் கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில், மொத்த எழுத்தில் இவ்வளவு பகுதி ஏஐ எழுதியது போலத் தெரிகிறது என்று அர்த்தம். சிலவற்றில், இதை ஏஐ எழுதியிருக்க இவ்வளவு வாய்ப்பு என்று கருவி போடும் கணக்கு. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். எதுவானாலும், நீங்கள் எழுதும்போது அந்தக் கருவி பக்கத்தில் இல்லை. எழுதி முடித்த வரிகள் மட்டும்தான் அதன் முன்னால் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. கருவி தருவது ஊகம், சான்று இல்லை. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இதை நான் வேறு வேறு விஷயங்களில் சொல்லிக்கொண்டே இருப்பது தெரியும். இன்றும் சொல்வேன்.

சரி, எப்படி ஊகிக்கிறது? ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துகிறேன், நீங்கள் முடியுங்கள். “இந்த ஆய்வின் முதன்மை நோக்கம் மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தை…” அடுத்த சொல்? ‘ஆராய்வதாகும்’ என்றிருப்பீர்கள், இல்லாவிட்டால் ‘கண்டறிவதாகும்’. இப்போது இன்னொன்று. “அவள் கடிதத்தைப் படித்து முடித்ததும்…” அழுதாளா, சிரித்தாளா, கிழித்துப் போட்டாளா, மறுபடி முதலிலிருந்து படித்தாளா? எது வேண்டுமானாலும் வரலாம். முதல் வாக்கியத்தில் அடுத்த சொல்லை ஊகிப்பது சுலபம், இரண்டாவதில் கடினம். இந்தக் கடினத்தை அளந்து சொல்லும் அளவைத்தான் ‘பர்ப்ளெக்சிட்டி’ என்கிறார்கள். ஏஐ எழுதும் விதமே, அடுத்து வரத் தோதான சொல்லைத் தேர்ந்துகொண்டு போவதுதான். ஆகவே அது எழுதியதில் இந்த அளவு பொதுவாகக் குறைவாக இருக்கும். கூடவே வாக்கியங்களின் நீளமும் போக்கும் எவ்வளவு மாறுகின்றன என்றும் பார்ப்பார்கள். மனிதர் எழுதினால் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2023 ஜனவரியில் வந்த ஜிபிடிஸீரோ என்ற டிடெக்டர் இந்த இரண்டையும் வைத்துத்தான் பெயர் வாங்கியது. இப்போதுள்ள கருவிகள் ஏஐ எழுதியதையும் மனிதர் எழுதியதையும் குவியல் குவியலாகப் படித்துப் பழகியவை. ஆனாலும் அவை பார்ப்பது சாயலைத்தான்.

இப்போது உங்கள் இரண்டாம் இயலை நினைத்துப் பாருங்கள் அம்மா. முன் ஆய்வுகளின் தொகுப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் இரண்டாம் இயல் அதுதான். ‘இன்னார் இந்த ஆண்டில் இன்னது கண்டார், அவருக்கு மாறாக இன்னொருவர் இன்னது கண்டார்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே அச்சு. அப்படித்தான் எழுத வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அடங்கிய நடை, தெரிந்த சொற்றொடர்கள், அலங்காரம் இல்லாத வாக்கியம். சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டீர்கள். அந்த ஒழுங்கைத்தான் கருவி ஏஐ என்கிறது.

அதோடு, ஆங்கிலம் உங்கள் தாய்மொழி இல்லை. இதைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை எடுத்து ஏழு டிடெக்டர்களில் போட்டார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை அந்தக் கருவிகள் ஏஐ என்றன. 91இல் 89 கட்டுரைகள் ஏதாவது ஒரு கருவியிலாவது மாட்டின. அதே கருவிகள் அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறையச் சரியாகவே மனிதர் எழுதியவை என்றன.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிக முக்கியம். அந்த டோஃபெல் கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்து, தாய்மொழிக்காரர் எழுதியது போலச் சொற்களை வளப்படுத்தித் தா என்றார்கள். திரும்ப டிடெக்டரில் போட்டார்கள். 61 சதவீதம் 12 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. ஏஐ தொடாதபோது ஏஐ என்றது. ஏஐ தொட்ட பிறகு மனிதர் என்றது. ‘மாற்றி எழுதிக்கொண்டு வா’ என்று ஒரு மாணவியை அனுப்பும்போது எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று வழிகாட்டிகள் யோசிக்க வேண்டும். நேர்மையாக எழுதியவரை அந்த எண் ஏஐயிடமே கொண்டுபோய் விடுகிறது.

இது ஏதோ ஒரு மட்டமான கருவியின் கோளாறு இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைக் கூட ஏஐ எழுதியதாகக் காட்டிய டிடெக்டர் உண்டு. ஏன்? அந்த வரிகள் இணையமெங்கும் இருப்பதால் ஏஐயின் மொழி மாதிரிகளுக்கு மனப்பாடம். அடுத்த சொல் எப்போதும் தெரியும், பர்ப்ளெக்சிட்டி குறைந்துவிடும்.

“ஆனால் இப்போதுள்ள கருவிகள் தவறுவது 1 சதவீதம்தான்” என்று உங்கள் வழிகாட்டி சொல்லலாம். மருத்துவப் பரிசோதனை பற்றி நாம் பேசிய பகுதியைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு மணி அடித்திருக்கும். அதே கணக்குதான். 1000 கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 பேர் ஏஐயிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள், 950 பேர் தாங்களே எழுதியிருக்கிறார்கள். கருவி ஏஐ எழுதியதில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், மனிதர் எழுதியதில் 2 சதவீதத்தில் தவறும் என்று கொள்வோம். 50இல் 40 பேர் மாட்டுவார்கள். 950இல் 19 பேர் ஒன்றும் செய்யாமலே மாட்டுவார்கள். ஆக மாட்டியவர் 59 பேர், அதில் 19 பேர் நிரபராதி; ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கருவி ‘மனிதர் எழுதியதில் 98 சதவீதம் தவறாது’ என்று விளம்பரம் செய்யலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் உங்கள் முன்னால் நிற்கிற, கருவி சுட்டிய அந்த ஒருவர் குற்றவாளியா என்ற கேள்விக்கு அந்த 98 பதில் இல்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், மாணவர் கட்டுரைகளில் நகல் இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருளான டர்னிட்டினின் ஏஐ கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் நிறுத்தியபோது இதைத்தான் சொன்னது. முந்தைய ஆண்டில் தங்களிடம் டர்னிட்டினுக்குப் போன தாள்கள் 75,000. 1 சதவீதம் தவறினாலும் 750 தாள்கள். கருவி தருவது ஊகம், சான்று இல்லை.

அப்புறம் ஒன்று, வழிகாட்டிகளுக்கு. சாட்ஜிபிடியிடமே கட்டுரையை ஒட்டி ‘இதை நீதான் எழுதினாயா?’ என்று கேட்காதீர்கள். வேறொருவருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது, கேட்டால் ஆமாம் என்றும் சொல்லும். 2023இல் டெக்சாஸில் ஓர் ஆசிரியர் அப்படிக் கேட்டு, வகுப்பின் மதிப்பெண்களையே நிறுத்திவைக்கப் பார்த்தது பெரிய செய்தியானது.

சரி, எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எழுதி முடித்த பக்கத்தை எத்தனை தரம் காட்டினாலும் அது பேசாது. எழுதிய தடம்தான் பேசும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்து பாருங்கள். வேர்டில் எழுதி ஒன்டிரைவில் சேமித்திருந்தால் அங்கேயும் பழைய பதிப்புகள் இருக்கும். அதில் என்ன தெரியும்? முதல் நாள் வெறும் தலைப்புகள். அடுத்து ஒரு பத்தி பாதியில் நிற்கிறது, கீழே ‘இந்த ஆண்டைச் சரிபார்க்கணும்’ என்று உங்களுக்கு நீங்களே எழுதிய குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் இருந்த பத்தி ஏழாம் பக்கத்துக்குப் போகிறது. ஒரு சொல் மூன்று தரம் மாறி, கடைசியில் முதலில் இருந்த சொல்லே திரும்புகிறது. வெளியிலிருந்து ஒட்டிய எழுத்து இப்படி வளராது. ஒரே நிமிடத்தில் முழுப் பத்தியாக வந்து விழும். இது கூட நூற்றுக்கு நூறு சான்று என்று சொல்ல மாட்டேன், பார்த்துத் தட்டச்சு செய்பவரும் இருக்கலாம். ஆனால் அடிக்கோடிட்ட நகல்கள், கையால் எழுதிய குறிப்பேடு, முன்பு வழிகாட்டிக்கே அனுப்பிய அரைகுறை வரைவுகள், அந்த மின்னஞ்சல்களின் தேதிகள் எல்லாம் சேரும்போது 68 என்ற எண் அதன் முன்னால் நிற்காது.

இலக்கணம் திருத்தும் கருவி ஏதாவது பயன்படுத்தியிருந்தால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவற்றில் பல இப்போது வாக்கியத்தையே மாற்றி எழுதித் தருகின்றன. பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்ற உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ‘மனித எழுத்தாக மாற்றித் தருகிறோம்’ என்று வரும் கருவிகள் பக்கம் போகாதீர்கள். இதுவரை ஏஐயைத் தொடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது, அந்த உரிமையை நீங்களே ஏன் இழக்க வேண்டும்? வேண்டுமென்றே பிழை சேர்ப்பது, நல்ல வாக்கியத்தைக் கோணலாக்குவது இதெல்லாமும் வேண்டாம்.

ஆனால் இந்தக் கேள்வியை உங்கள் வழிகாட்டி என்னிடம் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ‘இதை இவள்தான் எழுதினாளா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று. அது நியாயமான கேள்வி. ஏஐயிடம் எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவருக்கும் பொறுப்பு இருக்கிறது. எனக்குப் பழக்கமான பேராசிரியர் ஒருவர் டிடெக்டர் பக்கம் போவதே இல்லை. மாணவரை உட்காரவைத்து, இயலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்: “இதில் எந்தப் பத்தி உன்னை அதிகம் படுத்தியது? எதை எழுதி நீக்கினாய்?” ஒரு மாணவியிடம், இந்த அட்டவணையை ஏன் இயலின் கடைசியில் வைத்தாய் என்று கேட்டிருக்கிறார். “முதலில் முன்னால்தான் சார் இருந்தது. படித்தவர்கள் எண்ணைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிட்டார்கள், மீதியைப் படிக்கவே இல்லை. அதனால் கடைசிக்குத் தள்ளினேன்” என்றாளாம். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எழுதியவருக்கு எழுதாமல் விட்டதும் தெரிந்திருக்கும். வாய்மொழித் தேர்வு என்று முனைவர் பட்டத்துக்கு ஒன்று வைத்திருப்பதே இதற்குத்தானே? அதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் இயலுக்கு இயல் செய்தால் என்ன?

ஆகவே அம்மா, அந்த இயலைத் திருத்த வேண்டாம். வழிகாட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மரியாதையாக, ஒரு பக்கத்துக்குள். எந்தக் கருவி, அந்தச் சதவீதத்துக்கு அந்தக் கருவியின் விளக்கத்தில் என்ன பொருள், எந்தப் பத்திகளைச் சுட்டியது என்று கேளுங்கள். எழுதிய தடங்களை இணையுங்கள். ‘ஆய்வுக் குழுவில் இன்னொருவரையும் வைத்துக்கொண்டு இந்த இயலில் எந்த இடத்திலும் என்னைக் கேள்வி கேளுங்கள்’ என்று நீங்களே கேட்டு எழுதுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நிர்வாகத்திடம் போக நேர்ந்தால் அது வேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரிவியுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள், உங்கள் மாணவரிடம் இந்த மாதிரி நேரத்தில் என்ன கேட்பீர்கள் என்று கீழே எழுதுங்கள், அவற்றை வைத்தே ஒரு பகுதி பேசலாம்.