செல்லப்பாக்கள் எடுத்த படங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வடபழனியில் நின்றுகொண்டு சினிமாவைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? ஆனால் நான் பேச வந்தது பெரிய படங்களைப் பற்றி அல்ல. கையில் இருக்கிற காசுக்கு, பாட்டும் சிரிப்புமாக எடுத்து முடித்த சின்னப் படங்களைப் பற்றி. மொக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோமே, பிடித்திருந்தாலும் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுவோமே, அந்தப் படங்கள்.

எனக்கு அப்படி ஒரு படம் உயிர். பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் மனம் நோகக் கூடாது. அதில் பூங்காவில் எடுத்த ஒரு டூயட் வருகிறது. பல்லவியில் கதாநாயகனுக்கு மஞ்சள் சட்டை, சரணத்தில் ஊதா, அதே சரணத்தின் நடுவில் மறுபடி மஞ்சள். உதடு நின்ற பிறகும் பாட்டு ஓடுகிறது. பின்னால் நான்கு பெண்கள் ஆடுகிறார்கள். ஓரத்தில் ஆடுகிற பெண்ணின் கண், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தாளம் சொல்லும் மாஸ்டர் மேலேயே இருக்கிறது. ஒரு அடி பிந்துகிறாள், எட்டிப் பிடிக்கிறாள், பிடித்த சந்தோஷத்தில் சிரித்துவிடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை அது. அந்த ஒரு சிரிப்புக்காகவே அந்தப் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

ஏன் மறுபடி எடுக்கவில்லை? பிலிம் காலம் அது. 35 எம்எம் கேமராவில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கெட்டுப்போன டேக்குக்கும் அதே விலைதான். வட்டிக்கு வாங்கிப் படமெடுக்கிறவர் 'ஒன் மோர்' கேட்க முடியுமா? அதிலும் பாட்டும் காமெடியும் காசில்லாததை உடனே காட்டிக்கொடுத்துவிடும். அழுகைக் காட்சிக்கு ஒரு நல்ல முகம் போதும். பாட்டுக்கு ஆள் வேண்டும், துணி வேண்டும், ஒத்திகை வேண்டும். காமெடியில் எதிராளியின் முகத்தை ஒரு ஷாட் எடுக்கவில்லை என்றால் ஜோக் அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் செய்த செல்லப்பாவை நினைத்துப் பாருங்கள். கையில் காசு கிடையாது. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று படக் கம்பெனிக்குப் பெயர் மட்டும் தயார். அந்தச் செல்லப்பாவைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறோம். அப்புறம், நிஜமான செல்லப்பாக்கள் கடன் வாங்கி எடுத்து முடித்த படத்தை ரசிக்க மட்டும் என்ன வெட்கம்? நான் சிரிக்கும்போது அவர்களைக் கேலி செய்யவில்லை. அவர்களோடு சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

அதே 1964-ல்தான் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது. ஆனாலும் ஓடாத படத்தின் பிரிண்டை யார் பத்திரமாக வைத்திருக்கப்போகிறார்கள்? பரண் மேல் பழைய வீடியோ கேசட், விசிடி ஏதாவது கிடந்தால் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில்தான் நிற்பேன், என்னிடம் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். நன்றி.