இறக்கி வைத்த தகடுகள்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பல காலமாக ஒரு சோலார் ஹீட்டர் இருக்கிறது. மார்கழி விடியலில் குழாயைத் திறந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்தான் வரும். அதை வாளியில் பிடித்து ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் கொட்டும். இந்த வெந்நீர்ப் பைத்தியம்தான் என்னை அமெரிக்க அரசியல் வரை இழுத்துக்கொண்டு போனது.

1979 ஜூன் 20. வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதிக் கூரையில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 32 சோலார் தகடுகளைத் தொடங்கி வைத்தார். மின்சாரத்துக்கு அல்ல, வெந்நீருக்கு. எங்கள் மாடியில் இருப்பதற்கு அவை பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறை கழித்து இது அருங்காட்சியகப் பொருளாகவும் ஆகலாம், பெரிய முயற்சி ஒன்றின் தொடக்கமாகவும் ஆகலாம் என்று அன்று அவர் பேசினார். இரண்டில் எது நடந்தது? சொல்கிறேன்.

1986இல், ரீகன் ஆட்சியில், கூரையைப் பழுதுபார்க்க அந்தத் தகடுகளை இறக்கினார்கள். திரும்ப ஏற்றவில்லை. வெள்ளையடிக்க இறக்கிய தாத்தா படம் பரணிலேயே தங்கிவிடுவதில்லையா, அதுபோல அவை வர்ஜீனியாவில் ஓர் அரசுக் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. 1991இல் மெய்ன் மாநிலத்தில் யூனிட்டி என்ற சின்னக் கல்லூரிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். ஒரு பழைய பள்ளிப் பேருந்தின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, வர்ஜீனியா வரை ஓட்டிச் சென்று, தகடுகளை ஏற்றி வந்தார்கள். அதில் பாதி கல்லூரி உணவுக்கூடத்தின் கூரைக்குப் போனது. அதிபர் வீட்டுக்கு வேண்டாத வெயில் மாணவர்களின் தட்டு கழுவப் பயன்பட்டது. இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று என் மனைவி எண்ணி வைத்திருக்கிறாள்.

ஒரு தகடு இன்று சீனாவில், டெஜோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்ட்டர் சொன்ன இரண்டும் நடந்தன, ஆனால் இடம் மாறி நடந்தன. உலகின் சோலார் தகடு உற்பத்தியில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இப்போது சீனாவின் கையில்.

தகடு ஏறி இறங்கியதைப் போலத்தான் கையெழுத்தும். புவி சூடாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தைவிட்டு விலகுவதாக 2017 ஜூனில் டிரம்ப் அறிவித்தார். 2020 நவம்பரில் அமெரிக்கா வெளியே போனது, 2021 பிப்ரவரியில் பைடன் ஆட்சியில் உள்ளே வந்தது. 2025இல் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே மறுபடி உத்தரவு, 2026 ஜனவரியில் மறுபடி வெளியே.

ஆனால் பூமி சூடாகச் சூடாக ஏறும் கடலுக்கு இந்தப் போக்குவரத்து தெரியாது. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே 1927இலிருந்து நீர்மட்டத்தை அளந்து குறிக்கிறார்கள். சுமார் ஒன்றரை அடி ஏறியிருக்கிறது. நிலமும் கொஞ்சம் அமிழ்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கப்பல் அணையும் பழைய மேடைகளுக்கு அடியில்தான் மின்கம்பிகளும் நீராவிக் குழாய்களும் ஓடின. கடல் ஓதம் ஏறினால் அவை நனையும். கப்பல் வந்து நிற்கும், அதற்குக் கொடுக்க மின்சாரம் இருக்காது. அதனால் புதிய மேடைகளை இரண்டு அடுக்காக, உயர்த்திக் கட்டினார்கள். மரம் நடுகிறவர்களின் கூட்டத்தில் எடுத்த முடிவல்ல இது, கடற்படையின் முடிவு.

2007இலேயே ஓய்வுபெற்ற தளபதிகள் பதினொரு பேர் கூடி, பருவநிலை மாற்றம் இருக்கிற ஆபத்தையெல்லாம் பன்மடங்காக்கும் என்று அறிக்கை எழுதினார்கள். 2018இல் மைக்கேல் புயல் ஃபுளோரிடாவின் டிண்டல் விமானப்படைத் தளத்தைப் புரட்டிப் போட்டது. பறக்க முடியாமல் கொட்டகையில் நின்ற போர் விமானங்களின் மேல் கூரை விழுந்தது. பிறகு 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத், பருவநிலைக் கதையெல்லாம் படையின் வேலையல்ல என்று கொச்சையாகவே எழுதினார். எழுதட்டும். மேடைக்கடியில் தண்ணீர் வந்தால் பொறியாளர் மேடையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். கோப்பில் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. திரும்பச் சொல்கிறேன், பெயர் எனக்கு முக்கியமில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தானாம். ஐயோவாவுக்கென்று தனியாக ஒரு தாள் எழுதி வந்தேன், போகட்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். சோளமும் பன்றியும் வளர்க்கும், டிரம்பின் குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்கும் மாநிலம் அது. அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காற்றாலைக்கு நிலம் விட்ட விவசாயிக்கு, மழை பொய்த்த ஆண்டிலும் குத்தகைப் பணம் வருகிறது. அதனால்தான் காற்றாலை வரிச்சலுகையைக் குறைக்கும் 2025 ஜூலைச் சட்டம் வந்தபோது, அந்தக் கட்சிக்குள்ளேயே ஐயோவாவின் செனட்டர் கிராஸ்லி போன்றவர்கள் கொஞ்சம் அவகாசம் கேட்டு மல்லுக்கு நின்றார்கள். 2017இல் விலகல் அறிவிப்பு வந்த அன்றே கலிபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன் ஆளுநர்கள் தொடங்கிய பருவநிலைக் கூட்டணியில் இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். அவர்கள் நீதிமன்றத்தில் என்ன செய்கிறார்கள் என்று... சரி, மணி ஆகிவிட்டது. இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.