ஏசா கேட்காத ஆடுகள்

அன்பானவர்களே, அண்ணன் தம்பி பகை என்றாலே நாம் காயீனையும் ஆபேலையும்தான் எடுத்துப் பேசுவோம். இன்றைக்கு ஆதியாகமம் 32, 33 பக்கம் போவோம். தாய்மாமன் லாபான் வீட்டில் 20 வருடம் உழைத்துவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு யாக்கோபு ஊர் திரும்புகிறான். அண்ணன் ஏசாவுக்குச் சேர வேண்டிய ஆசீர்வாதத்தை அப்பா ஈசாக்கிடம் ஏமாற்றி வாங்கிவிட்டு, அவன் கோபத்துக்குப் பயந்து ஓடியவன் இவன். இப்போது அந்த ஏசா 400 பேரோடு எதிரே வருவதாகச் சேதி. வயிறு கலங்காதா?

பயந்தவன் ஜெபமும் செய்கிறான், கூடவே கணக்கும் போடுகிறான். வெள்ளாடு 200, கடா 20, செம்மறி 200, அதற்கும் கடா 20, பால் ஒட்டகம் 30 குட்டிகளோடு, பசு 40, காளை 10, அப்புறம் கழுதைகள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பாமல், மந்தை மந்தையாகப் பிரித்து, நடுவில் இடம் விட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அண்ணன் கோபம் இறங்கட்டும் என்று ஓட்டிவிடுகிறான். கில்லாடி! அன்றைக்கு அப்பாவை ஏமாற்றியதும் இரண்டு வெள்ளாட்டுக்குட்டிகளை வைத்துத்தானே, கறி சமைத்து, தோலைக் கையில் சுற்றிக்கொண்டு. இப்போது அதே ஆட்டைக் கொண்டே அண்ணனையும் சரிக்கட்டப் பார்க்கிறான். ஆண்டவருக்கு நாம் நேர்ந்துகொள்ளும் பொருத்தனைகளில் பாதி இந்த ரகம்தான்.

ஆனால் ஏசா ஓடி வருகிறான், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான், இருவரும் அழுகிறார்கள். "மன்னித்தேன்" என்று ஒரு வார்த்தை இல்லை. கூட வந்த பெண்களும் பிள்ளைகளும் யார் என்று கேட்கிறான். அந்த மந்தைகள் எதற்கு, எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கே இருக்கட்டும் என்கிறான். ஆடு வந்து சேருமுன்பே கோபம் போய்விட்டிருக்கிறது, யாக்கோபுக்குத்தான் தெரியவில்லை. லூக்கா 15இல் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைக் கண்ட தகப்பனும் இப்படியே ஓடி, கழுத்தைக் கட்டி, முத்தமிடுகிறார். கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றவன் என்று நாம் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் திட்டுகிற ஏசாவா அந்தத் தகப்பன் சாயலில் நிற்கிறான்!

அப்போதுதான் யாக்கோபு, உம்முடைய முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல இருக்கிறது என்கிறான். சும்மா முகஸ்துதி என்று தள்ளிவிடாதீர்கள். முந்தின ராத்திரி ஒருவரோடு விடிய விடியப் போராடி, தொடைச்சந்து சுளுக்கி, தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று அந்த இடத்துக்குப் பெனியேல் எனப் பேர் வைத்தவன், நொண்டிக்கொண்டே வந்து சொல்கிற வார்த்தை அது.

சரி, அதற்குப் பிறகு ஒரே வீட்டில் வாழ்ந்தார்களா? இல்லை. ஏசா குடியிருந்த சேயீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விட்டான், ஏசாவும் பின்னாலேயே வந்து சண்டை பிடிக்கவில்லை. கடைசிவரை ஊர் வேறு வேறுதான். ஆனால் அப்பா ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே அடக்கம்பண்ணினார்கள்.