எந்தக் கிருமி, எந்த மருந்து? பெரிய வாய்க்கால் ஓரத்திலிருந்து

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி பெரிய வாய்க்கால் பக்கம் நின்று பேசுகிறேன். இருட்டத் தொடங்கிவிட்டது, கொசுவும் வந்துவிட்டது. காய்ச்சல் என்றதும் மருந்துக் கடைக்குப் போய், பாக்டீரியாவை அழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. எனக்கு அது பெரிய கவலை. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி நான்கும் நான்கு வகை. ஒன்றைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் இன்னொன்றைத் தொடவே தொடாது.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். கிளை வாய்க்காலில் மொண்ட தண்ணீர் இந்த வெள்ளைக் கிண்ணத்தில் இருக்கிறது. கூத்தாடிப் புழுக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன, தெரிகிறதா? வால் பக்கத்துச் சுவாசக் குழாய் மட்டும் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. என் விரலின் நிழல் விழுந்ததும் துள்ளிக்கொண்டு அடியில் போய்விடுகின்றன. இவை கியூலக்ஸ் கொசுவின் புழுக்கள். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி என்று அழுக்கு நீர்தான் இவற்றுக்குப் பிடித்தமான இடம். இரவில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது இந்தக் கொசுதான்.

அந்த நோய்க்குக் காரணம் ஒட்டுண்ணிப் புழு. வளர்ந்த பெண் புழு நூல் போல மெலிந்து, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில், மனிதனின் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழும். அது ஈனும் குஞ்சுப் புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களுக்கு வருகின்றன. கொசு கடிக்கும் நேரமும் அதுதான்! அதனால்தான் யானைக்கால் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவர்கள் இரவில் கதவைத் தட்டுவார்கள். தொந்தரவு என்று யாரும் நினைக்க வேண்டாம், பகலில் எடுத்தால் ஒன்றும் அகப்படாது. புதிதாக எடுத்த ரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். சிவப்பணுக்களை இருபுறமும் தள்ளிக்கொண்டு அந்தப் புழு நெளிந்து நெளிந்து போகும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

1975-இல் தொடங்கப்பட்ட நோய்ப் பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை இதே ஊரில் கொசு பெருகும் இடங்களைத் தேடித் தேடிக் கட்டுப்படுத்தும் பெரிய திட்டத்தை நடத்தியது. நாம் பெருமைப்பட வேண்டிய வேலை அது.

யானைக்காலுக்கு டைஎதில்கார்பமசின், ஆல்பெண்டசோல் போன்ற புழு மருந்துகளைக் கொடுப்பார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. அந்தப் புழுவின் உடலுக்குள் வோல்பாகியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழுவால் குஞ்சு ஈன முடியாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சில வாரங்கள் கொடுத்தால் பாக்டீரியா அழிகிறது, புழு மலடாகிறது, பிறகு மெல்ல மெல்லச் சாகிறது. ஒட்டுண்ணியை அதன் உள்ளிருக்கும் பாக்டீரியா வழியாக மடக்குகிறார்கள்! ஆன்டிபயாடிக் புழுவைத் தாக்கவில்லை, இங்கேயும் பாக்டீரியாவைத்தான் தாக்குகிறது.

ஆன்டிபயாடிக் ஏன் பாக்டீரியாவைத் தாக்குகிறது, வைரஸைத் தாக்குவதில்லை? பாக்டீரியா ஒரே செல்லால் ஆன உயிர். பெரும்பாலானவற்றுக்குத் தனிச் செல் சுவர் உண்டு. அந்தச் சுவரைக் கட்டவிடாமல் கெடுப்பது பென்சிலின். டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. வைரஸுக்குச் செல்லும் இல்லை, சுவரும் இல்லை. மரபுப் பொருளும் அதைச் சுற்றிய புரத உறையும்தான், சிலவற்றுக்கு அதன் மேல் ஒரு கொழுப்பு உறை. நம் செல்லுக்குள் புகுந்து நம் செல்லைக் கொண்டே பெருகும். டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்கே சிக்காது. அதில் பென்சிலின் எதை உடைக்கும்? டெங்குவுக்கு ஓய்வு, நீராகாரம், பாராசிட்டமால், ரத்தப் பரிசோதனை. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

அப்படியானால் மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே வைரஸ்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்துப் பாக்டீரியா உள்ளே போகும். டெங்கு போலவே காய்ச்சல், தலைவலி, உடல்வலி. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு டாக்சிசைக்ளின் நன்றாகவே வேலை செய்யும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று தெரிந்துகொள்ளாமல் கையில் கிடைத்த மாத்திரையைப் போட்டால், நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்கள் கைநழுவிப் போகின்றன.

பூஞ்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊர் பேக்கரி ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட் ஒரு பூஞ்சை. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும் பங்கு பாக்டீரியாவுக்கு. உடம்பில் வரும் படர்தாமரையும் பூஞ்சைதான். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாத இடத்தில் சுகமாகப் படரும். கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை அடங்காது. வட்டம் கலைந்து, பரவி, அடையாளமே மாறிவிடும். அதன் பிறகு தோல் மருத்துவருக்கே கண்டுபிடிப்பது சிரமம். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள்.

மறுபடியும் வோல்பாகியாவுக்கு வருகிறேன். டெங்குவை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவில் இயற்கையாக இந்தப் பாக்டீரியா இல்லை. அதைக் கொசுவுக்குள் குடியேற்றினால் டெங்கு வைரஸ் அங்கே சரியாகப் பெருகுவதில்லை. நம் புதுச்சேரி மையமே உள்ளூர் ஏடிஸ் கொசுவில் இதைக் குடியேற்றி, வோல்பாகியா உள்ள கொசு இனங்களை உருவாக்கியதாக 2022-இல் அறிவித்தது. ஒரு பாக்டீரியாவை வைத்து ஒரு வைரஸைத் தடுக்கும் வேலை, நாம் நிற்கும் இந்த ஊரிலேயே நடக்கிறது.

அந்தக் கொசு நம் தெருவுக்கு வரும்வரை வேலை நம் கையில். ஏடிஸுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் போதும். கடிப்பது பகலில். வாரம் ஒருமுறை டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு மூன்றையும் காலி செய்யுங்கள். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்பக்கச் சுவரைப் பிரஷ் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.