ஏரி கோடி போனா யாரைப் போய் கேக்குறது?

வணக்கம்ங்க. 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையில உங்க போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தி வெச்சிருந்த வேன், கார் எல்லாம் ரோட்டோட ரோடா அடிச்சிட்டு போச்சே, அதுதான். ஃபெஞ்சல் புயல் கரை ஏறி வந்து நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி தலைமேல நின்னுடுச்சு, ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், அரூர்ல 33. ஏரி நிரம்பி கோடி போன, அதாவது வழிஞ்சு வெளிய வந்த தண்ணிக்கு போக வழி இல்லாம ரோட்டையே கால்வாயா ஆக்கிக்கிச்சு.

அன்னைக்கு எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்னே ஒன்னுதான். இதை யார் பாத்திருக்கணும்?

(திரையில்: ஏரிக் கரை, கலங்கல், அதுக்கு கீழ புதர் மண்டின கால்வாய்)

இந்த கலங்கலைப் பாருங்க. ஏரி நிரம்பினா தண்ணி இந்த கல்லு மேல வழிஞ்சு, கீழ இருக்கற கால்வாய்ல இறங்கி அடுத்த ஏரிக்கு போகணும். நம்ம பக்கம் ஏரிங்க தனித்தனியா கெடையாது, ஒன்னோட மிச்சம் அடுத்ததுக்கு வரத்து, அப்படியே சங்கிலி மாதிரி போய் கடைசியில ஆத்துல சேரும். ஆனா நிர்வாகத்துல பாருங்க, ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயற நிலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா அது நீர்வளத்துறை ஏரி (நம்ம ஆளுங்க இன்னும் பிடபிள்யூடி ஏரின்னுதான் சொல்லுவாங்க), அதுக்கு கீழன்னா பஞ்சாயத்து யூனியன் ஏரி. ஆக்கிரமிப்பை அளந்து காட்டுறது தாலுகா ஆபீஸ், ஏரிக்கு மேல இருக்கற கரடு வனத்துறை, சாக்கடை கலந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கால்வாய் டவுனுக்குள்ள வந்துட்டா பேரூராட்சி. ஒரே தண்ணிக்கு இத்தனை ஆபீஸ். எங்க ஊர்ல ஒரு கால்வாயை தூர் வாரச் சொல்லி மனு குடுத்தோம், ஒரு ஆபீஸ்ல இது எங்களது இல்லன்னாங்க, அங்க போனா மறுபடியும் பழைய இடத்துக்கே அனுப்பினாங்க, அப்படியே ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு.

இப்ப கொஞ்சம் தூரம் போயிட்டு வரலாம். நியூசிலாந்து.

அந்த ஊர்ல 1989ல உள்ளாட்சி அமைப்பை எல்லாம் மாத்தி எழுதினாங்க. ரோடு, குப்பை, கட்டட அனுமதி இதுக்கெல்லாம் நகர, மாவட்ட கவுன்சில் தனியா இருக்கு. அதுக்கு மேல ஆறு, மண்ணு, காத்து, வெள்ளம் இதையெல்லாம் பாத்துக்க பிராந்திய கவுன்சில்னு ஒன்னு, மொத்தம் 11. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் எல்லையை எப்படி போட்டாங்கங்கறதுதான். பெரும்பாலும் ஆத்தோட நீர்ப்பிடிப்பு பகுதியை வெச்சுதான் போட்டிருக்காங்க, அதாவது ஒரு மலையில பெய்யற மழை எந்த ஆத்துக்கு இறங்குதோ, அந்த மலையில இருந்து கடல் வரைக்கும் ஒரே கவுன்சில் கையில.

அதனால ஆத்துல இருந்து விவசாயத்துக்கு தண்ணி எடுக்கணும்னாலும் அவங்ககிட்டதான் அனுமதி, ஃபேக்டரி கழிவை விடணும்னாலும் அவங்ககிட்டதான், 1991ல வந்த வள மேலாண்மைச் சட்டம் அப்படி. வெள்ளக் கரை கட்டுறதும் அவங்கதான். அந்தக் கரையால யாரோட நிலம் தப்பிக்குதோ அவங்க அதுக்குன்னு தனி வரி கட்டுறாங்க. வெயில் காலத்துல ஜனங்க குளிக்கற ஆத்துல தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணி, இங்க இறங்கலாமா வேணாமான்னு வெப்சைட்ல போட்டுடுவாங்க.

அங்கயும் எல்லாம் சரியா நடந்துடுச்சுன்னு சொல்ல வரல. 2023 பிப்ரவரியில கேப்ரியல் புயல் வந்தப்ப ஹாக்ஸ் பே பகுதியில கரைங்க உடைஞ்சு பெரிய சேதம், உயிரும் போச்சு. அதுக்கப்புறம் அந்த பிராந்திய கவுன்சில் ஒவ்வொரு இடமா அளந்து, இனிமே இங்க குடியிருந்தா உயிருக்கே ஆபத்துன்னு சில இடங்களை குறிச்சாங்க, அங்க இருந்த வீட்டுக்காரங்களுக்கு விருப்பம்னா வித்துட்டு போக நகர, மாவட்ட கவுன்சிலும் அரசாங்கமும் வழி பண்ணினாங்க. கேன்டர்பரி பக்கம் மாட்டுப் பண்ணை, உரம் இதனால கிணத்துத் தண்ணியில நைட்ரேட் ஏறி இன்னும் சண்டை நடக்குது. ஆனா யாரை கேக்கணும்னு அந்த ஜனங்களுக்கு தெரியும். எனக்கு பெருசா படறது அதுதான்.

சரி, நம்ம தென்பெண்ணைக்கு வரேன். கர்நாடகாவுல நந்தி மலை பக்கம் பொறந்து, பெங்களூர் கழிவையும் சேத்துக்கிட்டு ஓசூர்ல கெலவரப்பள்ளி அணைக்கு வரும். மதகு தொறக்கறப்ப நுரை பொங்கி நிக்கறதை நேர்ல பாத்தவங்களுக்கு தெரியும், பக்கத்துல நிக்க முடியாத நாத்தம். அப்புறம் கிருஷ்ணகிரி கேஆர்பி டேம், தர்மபுரி, சாத்தனூர் அணை, கடைசியில கடலூர். ரெண்டு மாநிலம், அரை டஜனுக்கு மேல மாவட்டம். அதே டிசம்பர் 2ல நம்ம பக்கம் பெஞ்ச தண்ணியும் சாத்தனூருக்குதான் போச்சு, அங்க விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறக்க வேண்டியதாயி விழுப்புரம், கடலூர் எல்லாம் மூழ்கினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஊத்தங்கரை மழை கடலூர்க்காரன் வீட்டுல போய் நின்னுச்சு.

நம்மளால சேர்ந்து செய்ய முடியாதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ஆயா பல்லு முழுக்க பழுப்பு கோடு கோடா இருக்கும், முட்டி மடக்கி உக்கார முடியாது, சின்ன வயசுல இருந்து போர் தண்ணி குடிச்சதுதான் காரணம். பாறையில இருக்கற ஃப்ளோரைடு ஆழத்து தண்ணியில கரைஞ்சு வருது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா குடிக்கக் கூடாது. இதை எந்த ஒரு பஞ்சாயத்தும் தனியா தீக்க முடியாது. ரெண்டு மாவட்டத்தையும் சேத்து, ஜப்பான் கடன் வாங்கி, 1,900 கோடிக்கு மேல செலவு பண்ணி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்தது, 2013ல திறந்தாங்க. என் தங்கச்சி பையன் பல்லு வெள்ளையா இருக்கு. சப்ளை கம்மியான நாள்ல டேங்க்ல போர் தண்ணியையும் கலந்து விடறாங்க, அதை விடாம கேக்கணும்.

நம்ம சட்டத்துலயும் வழி இருக்கு. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு பேரிடர் ஆணையம், கலெக்டர் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். ஜனங்க ஓட்டு போட்டு வந்த ஆளும் அந்த மேசையில இருக்கணும்னுதான் அப்படி எழுதியிருக்காங்க. ஆனா நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஊரக உள்ளாட்சி பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போயிடுச்சு. எனக்கு இது ரொம்ப வலிக்குது, ஏன்னா அப்ப ஊத்தங்கரை வெள்ளம் வடிஞ்சு ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை இருக்கு. அங்க போய் மூணு விஷயம் கேளுங்க. நம்ம ஏரி யூனியன் கணக்கா, நீர்வளத்துறை கணக்கா? கோடி தண்ணி எந்த சர்வே நம்பர் வழியா போகணும், அந்த படம் எங்க? கடைசியா எப்ப தூர் வாரினாங்க? பதிலை வாயில சொன்னா விடாதீங்க, தீர்மான நோட்டுல எழுத வைங்க.

(திரையில்: மறுபடியும் அதே கலங்கல்)

எங்க ஏரி யூனியன் கணக்குல இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. கலங்கலுக்கு கீழ ரெண்டு சீமைக்கருவேலம் இன்னும் நிக்குது, நவம்பர் 1 கிராம சபையில அதைத்தான் கேக்கப் போறேன். உங்க ஊர் ஏரி பேரையும், அது யார் கணக்குல இருக்குங்கறதையும் கேட்டுட்டு வந்து கீழ எழுதுங்க.