தேயாத கத்தியும் ஓயாத மின்னஞ்சலும்

[காட்சி: இரவு நேரம். நியூயார்க் அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒளிரும் மடிக்கணினி.]

1974ஆம் ஆண்டில் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவமனை ஒன்றில் ஆர்வத்தோடு உழைத்தவர்களே மெல்ல மெல்லச் சோர்ந்து, எரிச்சலும் அக்கறையின்மையும் மிகுந்தவர்களாக மாறியதைக் கவனித்து, ‘பர்ன்அவுட்’ என்ற பெயரில் அதைக் கட்டுரையாக எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயாகக் கொள்ளாமல், முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. இதற்குத் தீர்வு தேடும் மேலைநாட்டினர் சிலர் பண்டைச் சீனத்தின் தாவோ சிந்தனையை நாடுகிறார்கள். ‘வூ வெய்’ (வலிந்து செய்யாமை) என்னும் அதன் மையக் கருத்து, வேலையை விட்டு விலகி ஓய்ந்திருக்கச் சொல்லும் அறிவுரையாகவே அவர்களில் பலரை எட்டுகிறது.

[ஓவியம்: எருதின் முன் கத்தியுடன் சமையற்காரர்.]

ஆனால் தாவோ மரபின் பழைய நூலான ஜுவாங்ஸியில் இக்கருத்துக்கு உருக்கொடுப்பவர் உழைப்பாளிதான்: வென்ஹுய் பிரபுவின் முன்னிலையில் எருதைக் கூறுபோடும் திங் என்ற சமையற்காரர். எலும்போடு மோதும் சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தியும், தேர்ந்தவர் ஆண்டுக்கு ஒரு கத்தியும் மாற்ற, தம்முடைய கத்தி 19 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான எருதுகளை அறுத்த பின்னும் புதிதாகச் சாணை பிடித்ததுபோல் இருப்பதாக அவர் கூறுகிறார். மூட்டுகளில் இடைவெளி இருக்கிறது. கத்தியின் விளிம்புக்கோ தடிமன் இல்லை. அதனால் அது உலாவத் தாராளமாக இடமுண்டு என்பது அவர் தரும் விளக்கம். சிக்கலான மூட்டை எட்டும்போது மட்டும் அவர் எச்சரிக்கையாகிறார், பார்வையை அங்கே நிறுத்துகிறார், கையின் வேகத்தைக் குறைக்கிறார். கதையைச் சுருக்கிச் சொல்வோர் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

வந்து குவியும் எல்லா மின்னஞ்சல்களுக்கும் ஒரே பதற்றத்தோடு பதில் எழுதும் அலுவலர், எலும்பையும் இடைவெளியையும் பிரித்தறியாமல் வெட்டுபவரே. தானாகத் தீரக்கூடியதைத் தொடாமல் விட்டு, கடினமான ஒரு பேச்சுவார்த்தைக்கு வேண்டுமென்றே கூடுதல் நேரம் ஒதுக்குவது திங்கின் வழி.

[காட்சி: மேலதிகாரியின் அறை.]

இவ்விடத்தில் பொறுப்பு முழுவதையும் அலுவலரின் தலையில் சுமத்திவிட்டு நகர்வது எளிது. பல நிறுவனங்கள் நடத்தும் மன அமைதிப் பயிலரங்குகள் அதையே செய்கின்றன என்பது என் கருத்து. லாவோட்சு என்ற பண்டைச் சீன ஞானியின் பெயரால் வழங்கும், தாவோ சிந்தனையின் அடிப்படை நூலான தாவோ தே ஜிங்கின் 81 அத்தியாயங்களில் கணிசமானவை ஆள்பவரை நோக்கியே பேசுகின்றன. பெரிய நாட்டை ஆள்வது சிறு மீனைச் சமைப்பது போன்றது என்கிறது 60ஆம் அத்தியாயம். அடிக்கடி கிளறினால் மீன் உடைந்துவிடும் என்பது உரையாசிரியர்களின் விளக்கம். மக்கள் பசித்திருப்பதற்குக் காரணம் மேலிருப்பவர்கள் வரியை மிகுதியாக உண்பதே என்கிறது 75ஆம் அத்தியாயம். ஆகவே மணிக்கொரு முறை நிலவர அறிக்கை கேட்கும் மேலாளரே முதலில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியவர்.

[காட்சி: பாரிஸ், லிஸ்பன் நகரங்களின் அலுவலகங்கள்.]

தாவோவின் பெயரைச் சொல்லாமலே ஐரோப்பியச் சட்டங்கள் சில இத்திசையில் நகர்ந்துள்ளன. பிரான்சில் 2017 முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்துத் தொழிலாளர் தரப்போடு பேச்சு நடத்தியாக வேண்டும். போர்ச்சுகலின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தவிர்க்க முடியாத சூழல்கள் நீங்கலாக, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்பு கொள்ளாதிருப்பதை முதலாளியின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.