ஏன் என்று யாரும் கேட்கவில்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன் பேசியவர்களே சொல்லித் தீர்த்துவிட்டார்கள், மிச்சம் இல்லை.

ஆவிக்குரிய வாழ்வில் ஒருவரை நிலைநிறுத்துவது தாழ்மையா, சிதறாத கவனமா? நான் தாழ்மையின் பக்கம். எதிரணிச் சகோதரி பேசி முடிக்கும்போது என்னைக் கைகாட்டி ஒரு கேள்வி கேட்டார்: "தாழ்மையைப் பற்றிப் பேச வந்தவருக்கு மேடை எதற்கு? தரையில் உட்கார்ந்து பேசலாமே?" நீங்கள் கைதட்டினீர்கள். என் மனைவியும் தட்டினார், கவனித்தேன்.

உட்காரலாம், சகோதரி. உட்கார்ந்தால் என்ன நடக்கும்? "அடடா, என்ன தாழ்மை!" என்று முதல் வரிசை உருகும். யாராவது படம் எடுப்பார்கள். எடுக்காவிட்டால் நானே கைப்பேசியைக் கொடுத்து எடுக்கச் சொல்வேன். இறங்கிய இரண்டாவது நிமிடம் இந்த மேடையைவிட உயரத்தில் இருப்பேன். அந்தப் பயத்தில்தான் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏறுவது இறங்குவது என்று நீங்களே ஆரம்பித்துவிட்டதால் சொல்கிறேன். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடங்களுக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். அதன் 7ஆம் அதிகாரம் முழுக்கத் தாழ்மைதான். வேதாகமத்தில் யாக்கோபு கனவில் கண்ட, வானத்தை எட்டிய ஏணியை எடுத்துக்கொண்டு அதற்கு 12 படி வைக்கிறார். தன்னை உயர்த்துகிறவன் அதில் இறங்குகிறான், தாழ்த்துகிறவன் ஏறுகிறான். முதல் படி எது தெரியுமா? தேவபயத்தை எப்போதும் கண்முன் வைத்து, மறவாதிருப்பது. மறவாதிருப்பதற்கு என்ன பெயர், சகோதரி? கவனம்! நீங்கள் வியர்க்க வியர்க்க வாதாடியது எங்கள் ஏணியின் ஒரே ஒரு படிக்காக. மீதி 11 படியும் எங்களிடம்தான் இருக்கிறது.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஜெபம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அதே பெனடிக்ட் எழுதியிருக்கிறார், ஐயா. பட்டிமன்றத்தைப் பற்றி எழுதவில்லை.

என் கதைக்கு வருகிறேன். வாலிப வயதில் ஒருநாள் இரகசியமாக உபவாசம் இருக்க முடிவெடுத்தேன். உபவாசம் வெளியே தெரியாதிருக்க, மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் இயேசு சொன்னபடி தலைக்கு எண்ணெய் பூசினேன், முகம் கழுவினேன். மாலையில் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். முடிந்ததும் தேநீர் வந்தது. ஒருவர் கோப்பையை நீட்டினார். "வேண்டாம்" என்றேன். அது சாதாரண 'வேண்டாம்' இல்லை. காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது. குரலில் கொஞ்சம் களைப்பு, உதட்டில் கொஞ்சம் புன்னகை, பார்வை மேலே. அவர் "ஏன்?" என்று கேட்க வேண்டும், நான் "ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டும், அந்த 'ஒன்றுமில்லை'யில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட வேண்டும். திட்டம் அதுதான். அவரோ "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

இரண்டாமவர் வந்தார். களைப்பைக் கூட்டினேன். "வேண்டாம்... இன்றைக்கு வேண்டாம்." அந்த 'இன்றைக்கு'க்குள் தூண்டில்முள் இருக்கிறது, கவனித்தீர்களா? அவர் குனிந்து, "சர்க்கரை நோயா தம்பி?" என்றார். என் பதிலுக்குக் காத்திராமல், தான் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். பசியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை தட்டு என்னை நோக்கி வந்தது. இனி வார்த்தையை நம்பிப் பயனில்லை என்று, கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, மெல்லத் தலையசைத்தேன். கண்ணைத் திறந்தேன். எதிரில் யாரும் இல்லை.

நடுவர் அவர்களே, அன்று என் கவனம் ஒரு நொடியாவது சிதறியதா? விடிந்ததிலிருந்து ஒரே புள்ளியில் நின்றது: யார் கேட்பார்கள்! இயேசு சொன்ன கதையில் தேவாலயத்தில் ஜெபித்த பரிசேயனுக்கு, அதாவது மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்தவனுக்கு, மட்டும் கவனம் குறைவா? வாரத்தில் இரண்டு முறை உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. கணக்கு ஒரு காசு பிசகவில்லை. நீதிமானாக வீடு திரும்பியவனோ, தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், ஊரே வெறுத்த வரி வசூலிப்பவன்.

எதிரணித் தலைவர் இயேசுவின் சீடர் பேதுருவை இழுத்தார். இயேசுவிடம் போகத் தண்ணீர்மேல் நடந்தவர் காற்றைப் பார்த்தார், கவனம் போனது, மூழ்கினார் என்றார். சரி. ஆனால், ஐயா, அவரைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு நீங்கள் போய் உட்கார்ந்துகொண்டீர்களே! வெளியே வந்தது எப்படி? கவனத்தைத் திரட்டிக்கொண்டா? "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மூன்றே சொல். உடனே இயேசுவின் கை நீண்டது. கடலிலேயே பிழைத்த மீனவர், கூட்டாளிகள் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க அப்படிக் கத்துவதென்றால் மனதளவில் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும்!

இன்னும் ஒரே நிமிடம். என்னைக் கடந்துபோன அந்தத் தட்டு எங்கே போகிறது என்று எரிச்சலோடு பார்த்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் போனது. அவர் ஒரு கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு, கோப்பைகளை அவர்தான் கழுவிக்கொண்டிருந்தார். அவருடையது ஓரமாக இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை. மேலே ஏடு படிந்து சுருங்கியிருந்தது.

"நீங்கள் குடிக்கவில்லையா அம்மா?"

பிடிபட்ட குழந்தைபோல விழித்தார். "இன்று மூன்றாம் நாள். கையில் ஒரு கோப்பை இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வெளியே சொல்லிவிடாதே" என்றார். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டாயா தம்பி? ஏன் இப்படி வாடியிருக்கிறாய்?"

காலையிலிருந்து நான் காத்திருந்த கேள்வி. ஒத்திகை பார்த்த 'ஒன்றுமில்லை' வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

அவர் உயிரோடு இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன், அதுவும் ஒரு பட்டிமன்றத்தில் ஜெயிப்பதற்காக. மணியை அடித்துவிடுங்கள், நடுவர் அவர்களே. எனக்கு இதற்கு மேல் பேச்சு வரவில்லை.